திருப்புளி யார் கையில்? – மின்சக்கர நாற்காலியைப் பேணிய கைகளின் வரலாறு

ஒரு பொருளைக் கண்டுபிடித்தவரின் பெயரை வரலாறு எப்படியாவது தேடிப் பிடித்து எழுதி வைத்துவிடுகிறது. அந்தப் பொருள் நாள்தோறும் இயங்குவதற்காக அதன் அழுக்கைத் துடைத்தவர், தளர்ந்த மரையை இறுக்கியவர், தேய்ந்த பாகத்தைக் கழற்றி மாற்றியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. தேர் செய்த தச்சரைப் பற்றி ஊரில் கதை இருக்கும். ஆண்டுதோறும் அதன் அச்சுக்கு எண்ணெய் இட்டவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

தமிழில் 'பராமரிப்பு' என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று சற்று யோசித்துப் பார்க்கலாம். முதிய பெற்றோரைப் பராமரிக்கிறோம். கிணற்று மோட்டாரையும் பராமரிக்கிறோம். 'பேணுதல்' என்ற பழஞ்சொல்லுக்கும் இதே விரிவு உண்டு. உடலைப் பேணலாம், உறவைப் பேணலாம், சுவடியைப் பேணலாம். மனிதருக்கு ஒரு சொல், இயந்திரத்துக்கு இன்னொரு சொல் என்று நம் மொழி பிரித்து வைக்கவில்லை. இந்தச் சொற்களின் இரு பொருளும் ஒரே இடத்தில் வந்து பொருந்தும் இயந்திரம் ஒன்று உண்டென்றால் அது மின்சக்கர நாற்காலிதான். கையும் காலும் இயங்காத ஒருவருக்கு அதன் பேட்டரி சோர்ந்தால், சோர்வது அவருடைய நடமாட்டம். அதன் டயர் பஞ்சரானால், முடங்குவது அவருடைய அன்றைய நாள்.

இந்த நாற்காலியின் கதையைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். அதையே பராமரிப்பின் கதையாக வாசிக்க முடியுமா என்று இக்கட்டுரை முயன்று பார்க்கிறது. அப்படி வாசிக்கும்போது ஒரு கேள்வி முன்னே வந்து நின்றுகொண்டு நகர மறுக்கிறது: நாற்காலி பழுதானால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருடையது?

*

தொடக்கத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. 1655ஆம் ஆண்டில், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரை அடுத்த ஆல்ட்டார்ஃப் என்ற ஊரில் ஸ்டீஃபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளர் இருந்தார். வயது இருபத்திரண்டு. கால்கள் இயங்காதவர். தமக்கென்று மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்துகொண்டார். கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் வழியாக முன்சக்கரம் உருளும். பிறர் தள்ளாமல் தானே ஓட்டிக்கொள்ளும் சக்கர நாற்காலிகளில் முதலாவது என்று இதைத்தான் வரலாற்றாசிரியர்கள் சுட்டுகிறார்கள். செய்தவரும் அவரே, அமர்ந்து சென்றவரும் அவரே. அதன் பல் ஒன்று தேய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாராக இருக்க முடியும்?

இந்த ஒருமை பின்னர் உடைந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுகளை நாடி வந்த நோயாளிகளுக்காக உருவான 'பாத் நாற்காலி'யில் அமர்ந்திருப்பவர் ஒருவர், இழுப்பவரோ தள்ளுபவரோ இன்னொருவர். வண்டியைப் பற்றிய அறிவும் அந்த இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தது. அமர்ந்திருப்பவர் 'கொண்டு செல்லப்படுபவர்' ஆனார். செயப்பாட்டு வினையின் துயரத்தை இலக்கண வகுப்புக்கு வெளியே காண வேண்டுமானால் இந்த நாற்காலியைப் பார்த்தால் போதும்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அந்த ஒருமை ஓரளவு மீண்டது. 1918இல் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளர், தம் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து 1930களில் எஃகுக் குழாயால் ஆன, மடித்துக் காரில் வைத்துக்கொள்ளக்கூடிய நாற்காலியை உருவாக்கினார். இருவர் பெயரிலும் அமைந்த நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த நாற்காலியை உருட்ட இரண்டு வலுவான கைகள் வேண்டும். கைகளும் இயங்காதவர்களின் நிலை என்ன?

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இக்கேள்வி பரவலாக எழவில்லை. அதற்கான காரணம் கொடியது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அறுபட்டவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைக்கவில்லை. சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும் அவர்களை விரைவில் கொண்டுபோயின. பென்சிலின் முதலான மருந்துகளும், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கியது போன்ற சிகிச்சை முறைகளும் வந்த பிறகுதான், கழுத்துக்குக் கீழே அசைவற்ற இளைஞர்கள் உயிரோடு ஊர் திரும்பினார்கள். மருத்துவம் உயிரைக் காப்பாற்றியது. அந்த உயிர் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போவதற்கு அதனிடம் வழி இல்லை.

வழியைக் கண்டவர் கனடாவின் ஜார்ஜ் கிளைன். தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் பொறியாளரான அவர், 1950களின் தொடக்கத்தில், போரில் ஊனமுற்று மீண்ட வீரர்களுக்காக மின்சக்கர நாற்காலியை வடிவமைத்தார். இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனி இயக்கம். சிறு அசைவிலேயே இரண்டையும் ஆளும் ஜாய்ஸ்டிக். ஒரு சக்கரம் முன்னும் ஒன்று பின்னுமாகச் சுழன்றால் நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்பும். இன்று தெருவில் காணும் மின்சக்கர நாற்காலிகள் அனைத்திலும் இந்த அடிப்படை இருக்கிறது. 1955இல் கனடா அதன் முன்மாதிரி ஒன்றை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு அளித்தது. 1956இல் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் மின்சக்கர நாற்காலியைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

கண்டுபிடிப்பின் கதை ஏறத்தாழ இங்கே முடிகிறது. பராமரிப்பின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

*

கையால் உருட்டும் நாற்காலியில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. மின்சக்கர நாற்காலி வேறு வகை. அதற்கு வயிறு உண்டு, நரம்பு உண்டு, மூட்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோயும் உண்டு.

வயிறு என்பது பேட்டரி. பிரான்சின் காஸ்டன் பிளாந்தே 1859இல் கண்டறிந்த ஈய அமில பேட்டரிதான் இந்த நாற்காலியை நெடுங்காலம் சுமந்தது. இன்றும் பெருமளவு சுமக்கிறது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுவது பிற்காலத்தில் நிலைபெற்ற முறை. மின்சாரத்தைத் தரும்போது பேட்டரியின் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் செய்தால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலை திரும்புகிறது. ஆனால் வெறுமையான பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் மென்மையான படிவு கடினமான படிகமாக இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் செய்தாலும் அது முழுமையாகக் கரையாது. பேட்டரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் பாதி வழியில் நாற்காலி நின்றுவிடும். எனவேதான் பயன்படுத்திய ஒவ்வொரு நாளின் இரவிலும் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது இந்த நாற்காலியின் முதல் விதி. வெளியே போகாத வாரத்திலும் இடையிடையே சார்ஜ் செய்ய வேண்டும் என்பது இரண்டாம் விதி. அந்தப் பேட்டரிக்கென்று அமைந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைச் செருகக் கூடாது என்பது மூன்றாவது.

பழைய வகைப் பேட்டரிகளுக்கு வேறொரு தேவையும் இருந்தது. சார்ஜ் ஆகும்போது அதிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். ஆகவே மூடியைத் திறந்து, தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் காற்றோட்டமுள்ள இடத்தில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பூக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்ந்த பின் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். அந்தப் பூப்பு மின்சாரத்தின் வழியை அடைத்துக்கொள்ளும். பேட்டரி நன்றாக இருந்தும் நாற்காலி சோர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மூட்டுகள். அக்காலத்து நாற்காலிகளில் மோட்டாரின் சுழற்சி பெல்ட் வழியாகப் பின்சக்கரத்தை அடைந்தது. பெல்ட் தேயும், தளரும், மழையில் நனைந்தால் வழுக்கும். மோட்டாருக்குள்ளே கார்பன் பிரஷ்கள் உரசி உரசித் தேயும். முன்பக்கத்துச் சிறு சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு பேரிங்கை இறுக்கும். பின்டயர்கள் இரண்டில் ஒன்றில் காற்று குறைந்தால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டிலும் குறைந்தால் மோட்டார் கூடுதலாக உழைத்து பேட்டரியை விரைவில் காலி செய்யும். ஜாய்ஸ்டிக்கின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் ஈரம் உள்ளே இறங்கி, நாற்காலியின் 'நரம்பு மண்டலத்தையே' தாக்கும்.

இவையெல்லாம் சிறிய வேலைகள். ஒரு துணி, ஒரு தூரிகை, ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, வாரத்தில் அரை மணி நேரம் போதும். ஆனால் சிறிய வேலை தவறினால் விளைவு சிறிதாக இருப்பதில்லை. காற்று நிரப்பிய இருக்கை மெத்தையில் ஊசி முனையளவு துளை விழுந்து, அது கவனிக்கப்படாமல் போனால், உணர்ச்சியற்ற தோலில் அழுத்தப் புண் வரும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆறாமலே போகும். பொருளைப் பேணுவதும் உடலைப் பேணுவதும் ஒரே வினைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

*

இந்த அறிவு ஓர் இயக்கத்தின் அடித்தளமாக மாறிய ஊர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி.

எட் ராபர்ட்ஸுக்கு 1953இல், பதினான்கு வயதில், இளம்பிள்ளை வாதம் வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ எல்லா அசைவும் போயிற்று. மூச்சு விடுவதற்கு 'இரும்பு நுரையீரல்' என்ற பேழை தேவைப்பட்டது. 1962இல் அவர் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரலைத் தாங்கும் விடுதி அறை எதுவும் அங்கே இல்லாததால், வளாகத்திலிருந்த கவல் மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அடுத்த ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்தார். பிறகு இன்னும் சிலர் வந்தனர். நோயாளிகளுக்கான கட்டடத்தில் மாணவர்களின் குடியிருப்பு ஒன்று இவ்வாறு உருவாயிற்று. அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'ரோலிங் குவாட்ஸ்'. உருளும் முடவர்கள் என்பது போன்ற சுய எள்ளல் அதில் இருந்தது.

ராபர்ட்ஸ் முதலில் மின்சக்கர நாற்காலியில் செல்லவில்லை. உதவியாளர்கள் தள்ளிச் சென்றனர். அவரால் அதை ஓட்ட முடியாது என்று மருத்துவர் கூறியிருந்தார். பிற்காலத்து நேர்காணல்களில் அவர் ஒரு செய்தியைச் சிரிப்போடு சொல்வதுண்டு. அவருக்குக் காதல் வந்தது. காதலியோடு இருக்கும்போது நாற்காலியைத் தள்ளும் மூன்றாமவர் ஒருவர் உடன் இருப்பது பொருந்தவில்லை! அவருடைய கையில் மிஞ்சியிருந்த வலு ஒரு திசையில் மட்டுமே இயங்கக்கூடியது. கட்டுப்பாட்டுக் கருவியைத் திருப்பிப் பொருத்தியதும் அந்த வலுவே போதுமானதாயிற்று. ஒரே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். மருத்துவரின் தீர்ப்பை மாற்ற ஒரு கருவியைக் கழற்றித் திருப்பிப் பூட்டியது போதுமானதாக இருந்தது. அகத்திணை மரபில் வந்த நமக்குக் காதலின் வலிமை புதிதன்று. அது ஒரு திருப்புளியையும் துணைக்கு அழைத்துக்கொண்டது என்பதுதான் இங்கே புதிது.

மின்சக்கர நாற்காலியைப் பெற்ற மாணவர்கள் அதை எதற்காகச் செய்தார்களோ அதற்கு மேல் ஓட்டினார்கள். மருத்துவமனைக் கூடத்தின் வழவழப்பான தரைக்கும் வீட்டின் உள்ளறைகளுக்கும் ஏற்ற இயந்திரம் அது. பெர்க்லி வளாகமோ குன்றை நோக்கி ஏறும் சரிவு. வகுப்பு, நூலகம், கடைத்தெரு, திரைப்படம், போராட்டக் கூட்டம் என்று 1960களின் மாணவர் வாழ்க்கை முழுவதையும் அந்தச் சிறிய மோட்டார்கள் சுமக்க நேர்ந்தது. பெல்ட்டுகள் அறுந்தன, சட்டங்கள் விரிந்தன, பேட்டரிகள் நடுவழியில் ஓய்ந்தன. அனுப்பிவிட்டுக் காத்திருப்பது என்றால் அத்தனை நாளும் படுக்கையில் கிடப்பது என்று பொருள்.

அவர்கள் கண்ட விடை எளியது. 1970இல் பல்கலைக்கழகத்தில் ஊனமுற்ற மாணவர்களுக்கான திட்டம் ஒன்று நடுவணரசின் நிதியுதவியோடு தொடங்கியது. ஹெஸ்லர் அதன் முதல் இயக்குநர். தங்களுக்கு என்னென்ன தேவை என்பதைத் தாங்களே பட்டியலிட்டவர்கள் அவர்கள். உதவியாளர்களைக் கண்டுபிடித்துத் தருவது, வீடு பார்த்துக் கொடுப்பது, உதவித்தொகைக்கு வழிகாட்டுவது ஆகியவற்றோடு சமமாக நாற்காலிப் பழுதுபார்ப்பும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. மருத்துவர்களோ நலத்துறை அதிகாரிகளோ எழுதியிருந்தால் இந்த இனம் கடைசி வரியில்கூட வந்திருக்குமா என்பது ஐயமே. அவர்களுக்கு நாற்காலி ஒரு முறை வழங்கப்படும் பொருள். அமர்ந்திருப்பவருக்கோ அது ஒவ்வொரு காலையிலும் மீண்டும் பெற வேண்டிய பொருள்.

அந்தப் பழுதுபார்க்கும் கூடம் நாளடைவில் ஒரு பட்டறைக்கும் மேலானது ஆயிற்று. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் முறியும் சட்டத்தை ஒட்டுபவருக்கு, அந்தச் சட்டம் ஏன் முறிகிறது என்பது தெரிந்துவிடும். பழுது பார்த்தவர்கள் வலுப்படுத்தினார்கள். பிறகு மாற்றி அமைத்தார்கள். 1960களின் இறுதியில் கவல் குடியிருப்பில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் சக்கர நாற்காலித் தொழில்நுட்பராகவே ஆகிவிட்ட சார்லஸ் கிரைம்ஸின் வாய்மொழி வரலாற்றைப் பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகம் பதிவு செய்து வைத்திருக்கிறது. எண்ணெய் இட்ட கையின் பெயர் ஏட்டில் ஏறிய அரிய தருணங்களில் அது ஒன்று.

நாற்காலி ஓடத் தொடங்கியதும் தெரு கண்ணில் பட்டது. நடைபாதையின் விளிம்புப் படி எத்தனை உயரம் என்பது நாற்காலி ஓடாதவரை யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 1971இல் பெர்க்லி நகர மன்றம் நடைபாதை முனைகளில் சரிவுகள் அமைக்கும் கோரிக்கையை ஏற்றது. 1972இல் மாணவர் அல்லாதவர்களுக்காக 'தற்சார்பு வாழ்க்கை மையம்' உருவானது. அங்கும் நாற்காலிப் பழுதுபார்ப்பு முதன்மையான பணிகளில் ஒன்று. அதை முன்மாதிரியாகக் கொண்டு அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மையங்கள் பின்னர் எழுந்தன. ஜப்பான் முதலிய நாடுகளுக்கும் அந்தச் சிந்தனை பரவியது. 1975இல் ராபர்ட்ஸ் கலிஃபோர்னிய மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநரானார். ஒரு காலத்தில் வேலைக்குத் தகுதியற்றவர் என்று அவரைக் கருதிய துறை அது.

'தற்சார்பு' என்ற சொல்லை அவர்கள் புரிந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. எல்லாவற்றையும் தன் கையால் செய்வது என்ற பொருளில் அதை அவர்கள் வழங்கவில்லை. கைகளே இயங்காதவர்கள் எப்படி வழங்க முடியும்? எது எப்போது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைத்தான் அவ்வாறு அழைத்தார்கள். பராமரிப்பில் இதன் பொருள் மிகத் தெளிவானது. திருப்புளியைப் பிடிப்பது உதவியாளரின் கை. எந்த மரையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்வது அமர்ந்திருப்பவரின் அறிவு. நாள் முழுதும் அந்த இயந்திரத்தோடு வாழ்பவருக்கு அதன் ஒலி தெரியும். இன்று இடப்பக்கம் புதிதாக ஒரு முனகல் கேட்கிறது என்பதை முதலில் உணர்பவர் அவர்தான். இந்த அறிவு இருந்தவரை ஃபார்ஃப்ளரின் ஒருமை, வேறு வடிவில், மீண்டும் கைகூடியிருந்தது எனலாம்.

*

இதே காலத்தில் சந்தையின் பக்கம் வேறொரு நிலை. எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனத்தின் மேலாதிக்கத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் குறிப்பிடத்தக்கவர். 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த அவர் பொறியாளரானார். நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரோடு இணைந்து பணியாற்றினார். ஒருகாலத்தில் ஊனமுற்ற ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த நிறுவனத்தின் மீது, 1977இல், அமெரிக்க நீதித்துறை ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு பின்னர் உடன்பாட்டில் முடிந்தது.

1980இல் ஹாட்ச்கிஸ் நிகரகுவா சென்றார். அங்கே இளைஞர் சிலர் ஒரே ஒரு சக்கர நாற்காலியைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, அதைத் தாங்களே செப்பனிட்டும் மாற்றியும் பயன்படுத்தி வருவதைக் கண்டார். அது மின்சாரமற்ற கைநாற்காலிதான். ஆனால் அவர் கண்டது ஒரு கொள்கையை. பிறகு பல நாடுகளின் கைவினைஞர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய நாற்காலிகள், அந்தந்த ஊரில் கிடைக்கும் பொருள்களால் செய்து, அந்தந்த ஊரின் சைக்கிள் கடையிலேயே பழுது பார்க்கக்கூடியவை. முறியவே முறியாத நாற்காலி என்று ஒன்று உலகில் இல்லை. முறிந்தால் பக்கத்துத் தெருவில் ஒட்ட முடிகிற நாற்காலிதான் நல்ல நாற்காலி. அந்த இளைஞர்களும் பெர்க்லி மாணவர்களும் தனித்தனியே வந்தடைந்த இடம் இதுவே.

*

ஆனால் மின்சக்கர நாற்காலி போன திசை வேறு. நீர் ஊற்ற வேண்டிய பேட்டரியின் இடத்தில் மூடி முத்திரையிட்ட பேட்டரி வந்தது. அமிலம் சிந்தாது, விமானத்தில் ஏற்றுவதும் எளிதாயிற்று. ஐயமின்றி இது நல்ல மாற்றம். பெல்ட்டின் இடத்தில் பற்சக்கரப் பெட்டி வந்தது. மின்சாரம் நின்றதும் தானே பிடித்துக்கொள்ளும் மின்காந்த பிரேக், சரிவில் நாற்காலி உருண்டோடாமல் காக்கிறது. ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம் தரும் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. தாடையால், மூச்சால், தலையசைவால் ஓட்டும் வழிகள் வந்தன. இவற்றால் இயக்கம் பெற்றவர்கள் எண்ணற்றவர்கள்.

அதே வேகத்தில் நாற்காலியின் மூடி அதில் அமர்ந்திருப்பவருக்கு எதிராகச் சாத்தப்பட்டது. பழுது ஏற்பட்டால் சிறு விளக்கு ஒன்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கும். முழுவிவரத்தைப் படிக்கவும் அமைப்பைத் திருத்தவும் தனிக் கருவியும் மென்பொருளும் வேண்டும். அவை உற்பத்தியாளரிடமும் அவர் ஒப்புதல் பெற்ற விற்பனையாளரிடமும் மட்டுமே இருந்தன. வேகத்தைச் சற்றுக் குறைக்கவும் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு பேட்டரியை மாற்றவோ ஒரு சக்கரத்தைப் பெறவோ வாரக்கணக்கிலும் சில வேளை மாதக்கணக்கிலும் காத்திருந்தவர்களின் சாட்சியங்கள் அமெரிக்க மாநில மன்றங்களில் பதிவாகியிருக்கின்றன.

இதில் காப்பீட்டு விதிகளின் பங்கும் உண்டு. முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், வீட்டுக்குள் நடமாடுவதற்குத் தேவையா என்ற அளவுகோலைக் கொண்டே மின்சக்கர நாற்காலிக்குப் பணம் தருகிறது. வாசற்படிக்கு வெளியே உள்ள உலகம் அதன் கணக்கில் வருவதில்லை. பெர்க்லி மாணவர்கள் உடைத்துக்கொண்டு வெளியேறிய அந்த மருத்துவமனைக் கூடத்தின் தரை, விதிமுறை வடிவில் இன்றும் நீடிக்கிறது. இதைவிட விந்தையானது மற்றொரு விதி. பழுதுக்குப் பணம் தரும் மெடிகேர், வழக்கமான பராமரிப்புக்குத் தருவதில்லை. சோதித்தல், துடைத்தல், சரிசெய்தல் ஆகியவற்றை உரிமையாளரே செய்துகொள்வார் என்று அவ்விதி எதிர்பார்க்கிறது. விரலை அசைக்க முடியாது என்ற காரணத்துக்காக நாற்காலி பெற்ற ஒருவர், அதன் அச்சில் சிக்கிய நூலைத் தம் விரலால் எடுத்துவிடுவார் என்று ஒரு விதி நம்புகிறது! விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. துடைக்காத பேரிங் தேய்கிறது. தேய்ந்த பேரிங் சக்கரத்தைக் கெடுக்கிறது. கெட்ட பிறகு பணமும் வருகிறது, காத்திருப்பும் வருகிறது.

இந்தச் சாத்திய மூடி முதலில் திறந்தது கொலராடோ மாநிலத்தில். 2022 ஜூன் மாதம் அங்கே கையெழுத்தான சட்டம், 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சக்கர நாற்காலியின் உதிரி பாகங்கள், கருவிகள், கையேடுகள், மென்பொருள் ஆகியவற்றை நியாயமான நிபந்தனைகளோடு உரிமையாளருக்கும் தனிப்பட்ட பழுதுபார்ப்போருக்கும் உற்பத்தியாளர்கள் தர வேண்டும் என்பது அதன் சாரம். மின்சக்கர நாற்காலிக்கென்று அமெரிக்காவில் நிறைவேறிய முதல் பழுதுபார்ப்புரிமைச் சட்டம் இது. 1970இல் ஒரு மாணவர் குழு தன் பட்டியலில் எழுதிய ஒரு வரி, சட்டப் புத்தகத்தில் ஏற ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

*

கிளைனின் நாற்காலி 2005இல் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குத் திரும்பி, ஒட்டாவாவிலுள்ள அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1995இல் மறைந்த எட் ராபர்ட்ஸின் நாற்காலி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார் இருக்கை ஒன்று பொருத்தப்பட்டு, இரவில் செல்ல முகவிளக்கு வைத்து, சுவாசக் கருவிக்கும் இடம் ஒதுக்கப்பட்ட நாற்காலி அது. எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் அப்படியே வெளிவந்திருக்க முடியாது. யாரோ பலர் கழற்றியும் பூட்டியும் அவர் உடலுக்கு ஏற்ப ஆக்கியது. அருங்காட்சியகங்கள் அவற்றை நன்றாகவே பேணுகின்றன. ஆனால் அந்த நாற்காலிகளுக்கு இனி யாரும் இரவில் சார்ஜ் போட வேண்டியதில்லை.

மற்ற நாற்காலிகளுக்குப் போட வேண்டும். கட்டிலுக்குப் போகும் முன் சார்ஜரைச் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, காலையில் டயரை அழுத்திப் பார்ப்பது, வாரம் ஒரு முறை முன்சக்கரத்து நூலை எடுப்பது, மெத்தையில் காற்று இருக்கிறதா என்று கையை நுழைத்துப் பார்ப்பது, மாதம் ஒரு முறை மரைகளையும் கம்பி இணைப்புகளையும் சோதிப்பது ஆகியவற்றை யாரோ ஒருவர் இன்றிரவும் செய்துகொண்டிருப்பார். அவர் மகளாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், கூலிக்கு வந்த உதவியாளராக இருக்கலாம். பக்கத்தில் அமர்ந்து 'இன்னும் கால் திருகு' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கும். உரிமைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் ஊர்வலங்களையும் தீர்ப்புகளையும் சட்டங்களையும் பதிவு செய்கிறார்கள், செய்யத்தான் வேண்டும். அந்த ஊர்வலத்துக்குப் போன நாற்காலி முந்தைய இரவில் சார்ஜ் செய்யப்பட்டிருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.